சரியான விடைக்குப் பூஜ்யம்

"அளந்து எழுதினியா, பார்த்து எழுதினியா?"

வேதியியல் டீச்சர் இப்படிக் கேட்டபோது அவளுக்கு வயது பதினைந்து. "அளந்துதான் டீச்சர்" என்றாள். பச்சைப் பொய். பாடப் புத்தகத்தின் கடைசியில் இருந்த உருகுநிலை அட்டவணையைப் பார்த்து எழுதியிருந்தாள். டீச்சர் கோபப்படவில்லை. சிவப்பு மையில் ஒரு பூஜ்யம் போட்டார். அவசரமில்லாமல், நல்ல வட்டமாகப் போட்டார். பிறகு அடுத்த நோட்டை எடுத்துக்கொண்டார்.

அவள் எழுதியிருந்தது சரியான எண். தப்பாக எழுதி மாட்டிக்கொண்டிருந்தால் நியாயம். சரியாக எழுதிய ஒருத்தி எப்படி மாட்டினாள்?

இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. இதற்குள் அவள் துப்பறியும் தொழிலுக்கு வந்து, காணாமல் போன நகைகளையும், காணாமல் போக விரும்பிய கணவன்மார்களையும் வரிசையாகக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அந்தப் பூஜ்யம் மட்டும் தீராத கேஸாகவே கிடந்தது.

தெருவில் அவளுக்குப் பட்டப்பெயர் 'தந்தி'. ஒவ்வொரு சொல்லுக்கும் காசு கட்டுபவள் போலத்தான் பேசுவாள். தையல் கடை மாடியில் இரண்டு அறை. முன்னறை ஆபீஸ், பின்னறை சமையலறை. உதவியாளர் அவளுடைய சித்தி. அம்மாவின் கடைசித் தங்கை. தந்தியைவிட மூன்று வயது சின்னவள். வயது எதுவானாலும் முறை முறைதான் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்ததால், தந்தி அவளை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட வேண்டும். சித்தி பதிலுக்கு 'என்னடி மகளே' என்பாள். சம்பளம் கொடுப்பவள் மரியாதையும் கொடுத்தாள். வாங்குபவள் இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

அன்று காலை பத்து மணிக்கு முன்னறையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் துணிப்பை. முப்பது வயது இருக்கும்.

"உக்காருங்க" என்றாள் தந்தி.

"பரவால்ல மேடம். நிக்கிறேன்."

"உக்காந்துடும்மா" என்றாள் சித்தி. "இன்னிக்கு அவ பேசப் போற பத்து வார்த்தைல ஒண்ண உனக்குச் செலவு பண்ணிட்டா."

அந்தப் பெண் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். படர்தாமரைக்குக் களிம்பு தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. மருந்துப் பொடி மூட்டை மூட்டையாக வரும். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சிட்டிகை எடுத்து, எத்தனை டிகிரிச் சூட்டில் உருகுகிறது என்று பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதி, 'பாஸ்' போட வேண்டும். சுத்தமான பொடி தனக்கென்று உள்ள சூட்டில்தான் உருகும். கலப்படமானால் அதற்கு முன்பே இளகிவிடும். கம்பெனியில் எல்லோரும் அவளை டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"போன மாசம் வந்த ஒரு பென்சாயிக் ஆசிட் பொடி மூட்டைல கலப்படம் மேடம். அந்தக் களிம்பு பூசின பதினோரு பேருக்குத் தோல் வெந்துபோச்சு. அதுல ஒரு ரெண்டு வயசுக் குழந்தையும் உண்டு." அவள் பையின் கைப்பிடியை முறுக்கினாள். "மூட்டை வந்த அன்னிக்கு நான் அரை நாள் லீவு. நான் கிளம்பின பிறகுதான் வந்திருக்கு. ஆனா ரிஜிஸ்டர்ல 'நூத்தி இருபத்திரண்டு, பாஸ்'னு எழுதியிருக்கு. என் எழுத்து மாதிரியே இருக்கு."

"மூணு எண்ணும் ஒரு பாஸும்தானே?" என்றாள் சித்தி. "அது என் எழுத்து மாதிரியும்தான் இருக்கும். லீவு போட்டதுக்கு அட்டெண்டன்ஸ் இருக்குமே?"

"முழு நாள் வந்ததா போட்டிருக்கு. அட்டெண்டன்ஸ் நோட்டு மாப்பிள்ளைகிட்ட இருக்கு."

"யார் மாப்பிள்ளை?"

"முதலாளியோட மாப்பிள்ளை. மூட்டை வாங்குற பொறுப்பு அவரோடதுதான். வாட்ச்மேன்லேர்ந்து எல்லாரும் மாப்பிள்ளைன்னுதான் சொல்வாங்க."

"வாட்ச்மேனுமா? அப்ப கம்பெனி முழுக்க மாமனாருங்க."

டெஸ்டர் சிரிக்கவில்லை. "நாளைக்கு நாலு மணிக்கு மருந்து இன்ஸ்பெக்டர் வர்றார். 'சோதிக்காமலே எழுதினேன்'னு ஒரு லெட்டர் டைப் பண்ணி வெச்சிருக்காங்க. கையெழுத்துப் போட்டா வீட்டுக்குப் போயிடலாம்னு மாப்பிள்ளை சொல்றார்."

"வீட்டுக்கு இல்லம்மா" என்றாள் சித்தி. "ஜெயிலுக்கு. வழி வேற."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அவள் அழுதது ஜெயிலுக்காக இல்லை. "அந்த நம்பர நான் எழுதியிருக்கவே மாட்டேன் மேடம். பென்சாயிக் நூத்தி பதினெட்டுலதான் உருகும். மூணு வருஷமா நூத்தி பதினெட்டுதான். இதச் சொன்னா சிரிக்கிறாங்க. புத்தகத்துல நூத்தி இருபத்திரண்டாம். மாப்பிள்ளை வேதியியல் பட்டம் வாங்கினவர். நான் எட்டாவதோட நின்னவ. யாரு பேச்சு எடுபடும்?"

தந்தி முதல் முறையாக நிமிர்ந்தாள். "நூத்தி பதினெட்டுன்னு யார் சொன்னா?"

டெஸ்டர் பைக்குள் கைவிட்டு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து மேஜையில் வைத்தாள். அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி. "எனக்கு முன்னாடி வேலை பார்த்தவர் பென்சாயிக், சாலிசிலிக், தைமால்னு ஒவ்வொரு பொடிக்கும் ஒரு குப்பி கொடுத்துட்டுப் போனார். இது சுத்தமான பென்சாயிக். ஒவ்வொரு தடவையும் இதுல ஒரு சிட்டிகை, மூட்டைல ஒரு சிட்டிகை. ரெண்டையும் ஒண்ணாக் கட்டி எண்ணெய்ல இறக்குவேன். ரெண்டும் ஒண்ணா உருகினா பாஸ். குப்பியில இருக்கறது நூத்தி பதினெட்டுலதான் உருகும். இன்னிக்குக் காலைல சாவியப் பிடுங்கிட்டாங்க. இத மட்டும் எடுத்துட்டு வந்தேன்."

தந்தி எழுந்து சமையலறைக்குப் போனாள்.

அங்கே ஜன்னலோரத்தில் அவளுடைய ஆய்வுக்கூடம் தொங்கிக்கொண்டிருந்தது. ஃப்யூஸ் போன ஒரு பல்பு. அடிப்பாகத்தைக் கழற்றி, உள்ளே இருந்த கம்பிகளை எடுத்துவிட்டு, வயிறு முட்டச் சமையல் எண்ணெய் ஊற்றி, முறிந்த குடைக்கம்பியில் கட்டியிருந்தாள். கீழே ஸ்டவ். போலி நகைப் பெட்டியிலிருந்த அரக்கு முதல், மாமியார் ஒருத்தியின் தூக்க மாத்திரை வரை, அந்தப் பல்பு பலருடைய கதையை உருக்கிப் பார்த்திருக்கிறது.

முதலில் பிரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து ஒரு டம்ளரில் போட்டு, தண்ணீர் விட்டு, தெர்மாமீட்டரை நட்டாள். பாதரசம் இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. நின்றால்தான் அதை அன்றைக்கு வேலைக்குச் சேர்ப்பாள்.

"தெர்மாமீட்டருக்கே விசாரணை" என்றாள் சித்தி டெஸ்டரிடம். "என்னை வேலைக்கு எடுத்தப்பகூட ஐஸ்லதான் உக்கார வெச்சா."

சொட்டு மருந்து விடும் கண்ணாடிக் குழலைத் தீயில் இளக்கி இழுத்து வைத்திருந்த மெல்லிய குழாய்களில் ஒன்றை எடுத்து, ஒரு முனையைத் தீயில் காட்டி அடைத்தாள். குப்பிப் பொடியை உள்ளே தட்டித் தட்டி ஒரு நெல்மணி நீளத்துக்கு இறக்கினாள். கீழ்க்கடையிலிருந்து வந்த தையல் நூலால் அதைத் தெர்மாமீட்டரோடு சேர்த்துக் கட்டிப் பல்புக்குள் விட்டாள்.

"நூறு தாண்டினதும் தீயைக் குறைங்க சித்தி."

"தெரியும்டி. அவசரப்பட்டா பொய் சொல்லும். பொடியும் புருஷனும் ஒண்ணு."

நூற்றிப் பத்து. நூற்றிப் பதினைந்து. டெஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நூற்றிப் பதினெட்டு வந்தது; போனது. பொடி கல்லுப்பிள்ளையார் மாதிரி வெள்ளையாகவே உட்கார்ந்திருந்தது. நூற்றி இருபத்திரண்டில் சட்டென்று கலங்கி, அடுத்த நொடி தெளிந்த நீரானது.

"புத்தகம் சொன்னதுதான் சரி" என்று முணுமுணுத்தாள் டெஸ்டர். முகம் வெளிறிவிட்டது. "அப்ப மூணு வருஷமா நான்..."

தந்தி ஸ்டவ்வை அணைத்தாள். அணைத்தவள் குமிழிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு சிவப்புப் பூஜ்யம் அவள் கண் முன்னால் நல்ல வட்டமாக வந்து நின்றது.

"என்னடி மகளே, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"கம்பெனிக்கு போன் போடுங்க சித்தி. நாளைக்கு ரெண்டு மணிக்கு வர்றோம். ரிஜிஸ்டரையும் அந்தக் கலப்பட மூட்டைல கொஞ்சத்தையும் லேப்ல வெக்கச் சொல்லுங்க. ஒரு தட்டு ஐஸும்."

"ஐஸா?"

"ஐஸ்."

சித்தி முன்னறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். "மாப்பிள்ளைதான் எடுத்தார். சரின்னுட்டார்."

"ஐஸ் எதுக்குன்னு கேட்டாரா?"

"கேக்கல. 'எவ்வளவு'ன்னு மட்டும் கேட்டார். உனக்கு உடம்புச் சூடுன்னு சொல்லலாம்னு ஒரு நல்ல பதில் தயார் பண்ணி வெச்சிருந்தேன். வீணாப் போச்சு."

தந்தி தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் இரண்டு மணிக்கு அவர்கள் மூவரும் கம்பெனி வாசலில் நின்றார்கள். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு, "நான்தான்மா போய் ஐஸ் வாங்கிட்டு வந்தேன். எதுக்கும்மா ஐஸ்?" என்று கேட்டார்.

"நல்ல கேள்வி" என்றாள் தந்தி.

லேப் என்பது களிம்பு கிண்டும் கூடத்துக்குப் பின்னால் ஒரு நீளமான அறை. சன்னமான மெழுகு வாசனை. ஒரு மேஜை, தண்ணீர்த் தொட்டி, ஸ்டவ், எண்ணெய் நிரப்பிய நீளக் கண்ணாடிக் குழாய். சுவரில் ஓர் ஆணி. அதில் புத்தம் புதிய தெர்மாமீட்டர் ஒன்று தொங்கியது. மேஜையில் ரிஜிஸ்டர், ஒரு தாளில் கொஞ்சம் பொடி, ஒரு தட்டு நிறைய ஐஸ், டைப் செய்த லெட்டர், அதன்மேல் ஒரு பேனா.

முதலாளி வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். வந்ததும், "இது எதுக்கு ஐஸ்?" என்றார். பின்னாலேயே மாப்பிள்ளை வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. அவர் உட்காரும்வரை முதலாளி நின்றார். அவர் உட்கார்ந்ததும் இவரும் உட்கார்ந்தார். பெண்ணைக் கொடுத்த நாள் முதல் அப்படித்தான் என்று டெஸ்டர் காதோரம் சொன்னாள்.

"இது என் தெர்மாமீட்டர் இல்ல" என்றாள் டெஸ்டர், ஆணியைப் பார்த்து. "நேத்துக் காலைல நான் சாவி கொடுக்கறப்ப பழசு இருந்ததே?"

"உடைஞ்சிடுச்சு" என்றார் மாப்பிள்ளை. "இன்னிக்குக் காலைல ரூமைச் சுத்தம் பண்ணேன். கை தவறிடுச்சு. நல்லதாப் போச்சு. புதுசு வாங்கி மாட்டிட்டேன். வேணும்னா ஐஸ்ல வெச்சுப் பாத்துக்கங்க."

தந்தி வைத்துப் பார்த்தாள். பூஜ்யம். துல்லியமான பூஜ்யம். சித்தியின் முகம் விழுந்தது.

"டெஸ்ட் பண்ணிக் காட்டட்டும் மாமா" என்றார் மாப்பிள்ளை. "உங்க முன்னாடியே. அந்தக் குப்பியில இருக்கறதையே போடட்டும்."

டெஸ்டர் மேஜைக்கு வந்தாள். பையை முறுக்கிய கை, வேலையில் தடுமாறவில்லை. குப்பிப் பொடி ஒரு குழாயில் இறங்கியது. யாரும் சொல்லாமலேயே இன்னொரு குழாயை எடுத்து மூட்டைப் பொடியையும் இறக்கினாள்.

"ஒண்ணு போதும்" என்றார் மாப்பிள்ளை.

"எப்பவும் ரெண்டு போடுவேங்க. பழக்கம்."

எண்ணெய் சூடேறியது. நூற்றி ஒன்பதிலேயே மூட்டைப் பொடி ஓரம் சுருங்கி, கசிந்து, கூழாக வழிய ஆரம்பித்தது. குப்பிப் பொடி அசையவில்லை. நூற்றி இருபத்திரண்டில் ஒரே மூச்சில் தெளிந்தது.

"நூத்தி இருபத்திரண்டு!" மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்தார். "பாத்தீங்களா மாமா? புத்தகமும் அதான் சொல்லுது, தெர்மாமீட்டரும் அதான் சொல்லுது. இந்தம்மா மூணு வருஷமா நூத்தி பதினெட்டுல உருகினதையெல்லாம் பாஸ் போட்டிருக்கு. சீக்கிரம் உருகினா கலப்படம்னு இவங்களே சொல்வாங்க. மூணு வருஷமா நாம வித்தது எல்லாமே குப்பை. நான் பெரிசு பண்ண வேணாம்னு பாத்தேன். இவங்கதான் துப்பறியறவங்களக் கூட்டிட்டு வந்து தனக்கே குழி தோண்டிக்கிட்டாங்க."

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பத்து. பிறகு லெட்டரை டெஸ்டர் பக்கம் நகர்த்தினார். "போட்டுடும்மா. இன்ஸ்பெக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

டெஸ்டர் பேனாவை எடுத்தாள். அவளுக்கே அவள்மேல் நம்பிக்கை போய்விட்டது; அது முகத்தில் தெரிந்தது. பேனா முனை தாளைத் தொட்டது.

"ஒரு நிமிஷம்" என்றாள் தந்தி. "சித்தி, ரிஜிஸ்டரைப் படிங்க. மூணு வருஷத்துப் பக்கத்தையும் புரட்டி."

சித்தி புரட்டினாள். "பென்சாயிக், நூத்தி பதினெட்டு. பென்சாயிக், நூத்தி பதினெட்டு. சாலிசிலிக், நூத்தி அம்பத்தஞ்சு. தைமால், நாப்பத்தாறு. பென்சாயிக், நூத்தி பதினெட்டு. இதக் கேட்டா குழந்தைகூடத் தூங்கிடும்டி."

"மாப்பிள்ளை சார், உங்க புத்தகத்துல?"

மாப்பிள்ளை சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார். அலமாரியில் இருந்த தடிமனான புத்தகத்தைச் சித்தியே எடுத்தாள். "சாலிசிலிக் நூத்தி அம்பத்தொம்பது. தைமால் அம்பது." விரலை மடக்கினாள். நிறுத்தினாள். மறுபடி மடக்கினாள். "நாலு. நாலு. பென்சாயிக்கும் நாலு. எல்லாமே நாலு குறையுது."

"இந்த மூணையும் ஒருத்தர்கிட்டயா வாங்குறீங்க?" தந்தி முதலாளியைக் கேட்டாள்.

"இல்லம்மா. ஆறு பேர்கிட்ட."

"ஆறு பேர். மூணு வருஷம். மூணு விதப் பொடி. எல்லாக் கலப்படமும் சரியா நாலு டிகிரி. அழுக்குக்கு அவ்வளவு ஒழுக்கம் கிடையாது சார்."

முதலாளி ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்தார். "அப்ப..."

"பழைய தெர்மாமீட்டர் நாலு குறைச்சுக் காட்டியிருக்கு. உள்ள இருக்கற அளவுப் பட்டை கொஞ்சம் நகர்ந்தாப் போதும். உங்க டெஸ்டருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல. அவங்க புத்தகத்தோட ஒப்பிடல. சுத்தமான பொடியோட ஒப்பிட்டாங்க. தெர்மாமீட்டர் பொய் சொன்னாலும் ரெண்டு பொடிக்கும் ஒரே பொய். இந்த மூட்டை அவங்க கையில வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல மாட்டியிருக்கும். இப்ப பாத்தீங்களே."

டெஸ்டர் பேனாவைக் கீழே வைத்தாள். சித்தி வாய் பிளந்து நின்றாள். தந்தி ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் பார்த்ததில்லை.

"மூணு வருஷத்துல இந்த ரிஜிஸ்டர்ல புத்தகத்தோட ஒத்துப்போற எண் ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள் தந்தி. "போன மாசத்து நூத்தி இருபத்திரண்டு. இந்த ரூம்ல, அந்தத் தெர்மாமீட்டர்ல, அந்த எண் வரவே வராது. எத்தனையோ தப்பான எண்ணுக்கு நடுவுல அந்தச் சரியான எண்தான் பொய். அளக்காம, புத்தகத்தைத் தெரிஞ்சவர் எழுதினது. நானும் ஒரு தடவை அப்படி எழுதியிருக்கேன். எங்க ஸ்கூல் தெர்மாமீட்டரும் கோளாறா இருந்திருக்கணும். பூஜ்யம் வாங்கினேன்."

"இது ஊகம்" என்றார் மாப்பிள்ளை. குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "பழைய தெர்மாமீட்டர் தப்புன்னு யார் கண்டா? அதான் இல்லையே!"

"இல்லாததுதான் விஷயம்." தந்தி ஐஸ் தட்டை முதலாளி பக்கம் நகர்த்தினாள். "ஐஸ் எதுக்குன்னு வாட்ச்மேன் கேட்டார். நீங்களும் கேட்டீங்க. எங்க சித்தியும் கேட்டாங்க. கேக்காத ஒருத்தர் இவர்தான். ஐஸ்ல வெச்சா தெர்மாமீட்டரோட கோளாறு தெரியும்னு படிச்சவருக்குத் தெரியும். நேத்து நாங்க போன் பண்ணின பிறகுதான் இவரே அதச் சோதிச்சுப் பார்த்திருப்பார்னு நினைக்கிறேன். இன்னிக்குக் காலைல, நாங்க பாக்கறதுக்கு முன்னாடி, உடைஞ்சிடுச்சு."

"மாப்பிள்ளை தொடப்பம் எடுத்த முதல் நாள்" என்றாள் சித்தி. "கல்வெட்டுல பொறிக்கணும்."

முதலாளி மருமகனைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "மூட்டை யார்கிட்ட வாங்கினது?"

"ஒரு... சிநேகிதன் மாமா. நல்ல பையன். அவசரம்னான். மூட்டைய அன்னிக்கே கூடத்துக்கு அனுப்பணும்னு..." மாப்பிள்ளை பாதியில் நிறுத்தினார்.

களிம்புக் கூடத்தில் கிண்டும் இயந்திரம் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. டெஸ்டர் தொட்டியில் கை கழுவினாள். குப்பியைத் துணியால் துடைத்தாள். அதைப் பையில் போடவில்லை. அலமாரியில் அது எப்போதும் இருக்கும் இடத்தில் வைத்தாள்.

முதலாளி அவள் முன்னால் இருந்த லெட்டரை எடுத்தார். 'சோதிக்காமலே எழுதினேன்' என்ற வரியை ஒரு தடவை படித்தார். பிறகு தாளைத் திருப்பி, பேனாவோடு சேர்த்து மருமகன் முன்னால் தள்ளினார். வெளியே ஒரு ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் முன்னதாகவே வந்துவிட்டார்.

தந்தி குனிந்து மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு இதில் கோபம் இல்லை. அந்த டீச்சருக்கும் இருந்ததில்லை.

"அளந்து எழுதினீங்களா, பார்த்து எழுதினீங்களா?"

தட்டில் ஐஸ் பாதி தண்ணீராகியிருந்தது. மாப்பிள்ளை பேனாவைப் பார்த்தார், ரிஜிஸ்டரைப் பார்த்தார், கடைசியாக மாமனாரைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

முதலாளி எழவில்லை.

மாப்பிள்ளை லெட்டரை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார்.